சிவப்பாகத் தெரிந்தால் நோயா? மலைக் காணியும் வான்பட வரைபடமும்

பண்டாரவளைப் பக்கம் என் மாமாவுக்கு ஒன்றரை ஏக்கர் காணி இருக்கிறது. ஒரு ஏக்கர் தேயிலை, மிச்சம் மரக்கறி. போன வருஷம் தெரிந்த பையன் ஒருவனைப் பிடித்து ட்ரோன் பறக்கவிட்டோம். இரண்டு நாள் கழித்து வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று காணி முழுக்கக் கோலப்பொடியைக் கொட்டிவிட்ட மாதிரி இருந்தது. மாமா அதைச் சந்திக் கடையில் காட்டியிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே செய்தி போய்விட்டது: "அவரு தேயிலையில மேல் பக்கமெல்லாம் நோய் விழுந்திருச்சாம், ட்ரோன்ல புடிச்சிட்டாங்களாம்." அன்று ராத்திரியே மாமா கேட்டார், "மருமகனே, செவப்பா இருக்கிற எடத்துக்கெல்லாம் மருந்து அடிச்சிரவா?"

அடிக்க வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று அவருக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், அப்புறம் உரம் திரும்பக் கடைக்கு வந்தபோது அதன் விலையைப் பார்த்து எல்லோரும் வாயடைத்துப் போனோம். அதிலிருந்து மலைநாட்டில் தேயிலைக்காரர், கோவாக்காரர் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: காணி முழுக்க வீசாமல், தேவைப்பட்ட இடத்துக்கு மட்டும் போட முடியாதா? அந்த யோசனைக்கு வான்பட வரைபடம் நிஜமாகவே கைகொடுக்கும். ஆனால் அதைப் பற்றி ஊரில் ஓடுகிற பேச்சு இரண்டே வகை. ஒன்று, ட்ரோன் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பது. மற்றது, அதெல்லாம் துரைமார் விளையாட்டு, நமக்கெதற்கு என்பது. இரண்டுமே தப்பு.

எல்லா வான்படமும் வரைபடம் ஆகாது

கல்யாண வீட்டு குரூப் படத்தை நினைத்துப் பாருங்கள். முன்னால் குந்தியிருக்கும் சின்னப் பையனின் தலை, பின் வரிசையில் நிற்கும் பெரியப்பாவின் தலையை விடப் பெரிதாக விழுந்திருக்கும். கேமராவுக்குக் கிட்ட இருப்பது பெரிதாகவும் தூர இருப்பது சிறிதாகவும் தெரியும், அவ்வளவுதான். இதே விஷயம் மேலே இருந்து கீழே பார்க்கும்போதும் நடக்கிறது. சமதரையில் அது பெரிதாகத் தெரியாது. மலைச்சரிவில் காணியின் மேல் ஓரம் கேமராவுக்குக் கிட்ட இருக்கிறது, ரோட்டோரம் தூர இருக்கிறது, அதனால் மேலே ஒரு பேர்ச் படத்தில் பெரிதாகவும் கீழே ஒரு பேர்ச் சிறிதாகவும் விழும். அந்தப் படத்தில் அடிமட்டத்தை வைத்து அளந்து "மேல் துண்டுதான் பெருசு" என்று அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரித்தால் சண்டைதான் வரும்.

வரைபடம் என்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை போதும்: அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் எந்த மூலையில் வைத்தாலும் தரையில் ஒரே தூரம். வான்படத்தை அந்த நிபந்தனைக்குக் கொண்டுவர, ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் கணக்கில் எடுத்து, பெரிதாகத் தெரிந்ததைச் சுருக்கி, சிறிதாகத் தெரிந்ததை விரிக்க வேண்டும். அப்படித் திருத்தி ஒட்டிய படத்துக்கு ஓர்த்தோ படம் என்று பெயர். பார்க்கப் படம் மாதிரியே இருக்கும், அளந்தால் வரைபடம் மாதிரி அளக்கலாம்.

மேலே இருந்து படம் எடுப்பது ஒன்றும் புதிதில்லை. 1858இலேயே பாரிஸ் பக்கத்தில் நாடார் என்கிற பிரெஞ்சுக்காரர் பலூனில் ஏறிப் படம் எடுத்துவிட்டார் (நம்ம ஊர் நாடார் இல்லை, அது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்). இப்போது புதிதாக வந்திருப்பது அந்தத் திருத்தும் வேலையைக் கம்ப்யூட்டர் ஒரு ராத்திரியில் செய்து முடிப்பதுதான்.

ரயில் ஜன்னலில் இருக்கும் இரகசியம்

உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றேன். ஒரு படத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்கு எப்படி உயரம் தெரியும்?

ஹட்டனிலிருந்து தலவாக்கலைப் பக்கம் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருந்தால் இதற்கு விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் சவுக்கு மரங்கள் சர் சர்ரென்று பின்னால் ஓடும். கொஞ்சம் தள்ளியிருக்கும் லயம் மெதுவாக நகரும். தூரத்தில் சென் கிளேயர் நீர்வீழ்ச்சியோ அசையவே அசையாத மாதிரி நம்மோடு கூடவே வரும். நாம் நகர்ந்த தூரம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், ஆனால் கிட்ட இருப்பது அதிகம் நகர்ந்ததாகத் தெரிகிறது, தூர இருப்பது குறைவாக நகர்ந்ததாகத் தெரிகிறது. அப்படியானால் எது எவ்வளவு நகர்ந்தது என்பதை அளந்தாலே எது எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம், இல்லையா?

ட்ரோன் செய்வது அதேதான், ஜன்னலுக்குப் பதிலாக வயிற்றுக்குக் கீழே கேமரா. மாடு உழுவது மாதிரி வரிசை வரிசையாகப் போய்வந்து, சில மீட்டருக்கு ஒன்றாகப் படம் எடுக்கும். ஒரு படத்தில் விழுந்த பாறை அடுத்த படத்திலும் அதற்கடுத்ததிலும் விழ வேண்டும். இப்படி ஒரு படம் மற்றதோடு சேர்ந்து வரும் பங்குக்கு ஓவர்லாப் என்று பெயர், சாதாரணமாக 70 முதல் 80 சதவீதம் வைப்பார்கள். கம்ப்யூட்டர் அந்தப் பாறையின் மூலை, ரோட்டில் விழுந்த வெள்ளைக் கீறல், தகரக் கூரையின் விளிம்பு என்று ஆயிரக்கணக்கான புள்ளிகளைப் படத்துக்குப் படம் தேடிப் பொருத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து உயரத்தைக் கண்டுபிடிக்கிறது. உயரம் தெரிந்துவிட்டால் படத்தைத் திருத்தலாம். கூடவே இலவசமாக இன்னொன்றும் கிடைக்கிறது: காணியின் மேடு பள்ளம் முழுக்க எண்களாக. அதை உயர மாதிரி என்பார்கள்.

உயர மாதிரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கேமராவுக்குத் தெரிவது இலையின் மேல்புறம், அதற்குக் கீழே இருக்கும் மண் அதற்குத் தெரியாது. அடர்த்தியாக மூடிய தேயிலை மலையில் அது அளப்பது கொழுந்துத் தட்டின் உயரத்தை. செடிக்கடியில் ஓடும் தண்ணீர்க் கான் எங்கே போகிறது, எங்கே அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அதில் வராது. கரட் கிண்டி முடித்த வெறும் மண்ணில் என்றால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைக்கூட ஓரளவு பார்த்துவிடலாம்.

சுருக்கமாக: வெறும் வான்படத்தில் அளக்கக் கூடாது. ஒன்றோடொன்று சேர்ந்துவரும் பல படங்களிலிருந்து உயரத்தைக் கண்டுபிடித்து, அந்த உயரத்தை வைத்துத் திருத்திய பிறகுதான் அது அளக்கத்தக்க ஓர்த்தோ படம் ஆகிறது.

எங்கள் படத்தில் விழுந்த ஓட்டை

மாமாவின் காணிக்கு முதல் தடவை எடுத்த படத்தில் மேல் மூலையில் பெரிய ஓட்டை. கறுப்பாக, எலி கடித்த மாதிரி. பையன் ட்ரோனைக் குற்றம் சொன்னான், மாமா பையனைக் குற்றம் சொன்னார். குற்றம் இரண்டு பேரிலும் இல்லை, மலையில் இருந்தது.

காணியின் கீழ் எல்லை ரோடு. அங்கிருந்து மேல் எல்லைக்கு நேர்தூரம் நூறு மீட்டர் போல, ஆனால் ஏற்றம் ஏறக்குறைய 60 மீட்டர். பையன் ரோட்டில் நின்று ட்ரோனை ஏற்றி 80 மீட்டர் உயரம் என்று போட்டுவிட்டான். ட்ரோனும் சொன்ன பேச்சு தட்டாமல் புறப்பட்ட இடத்திலிருந்து 80 மீட்டரிலேயே பறந்தது. ரோட்டுக்கு மேலே 80 மீட்டர் என்பது காணியின் மேல் எல்லைக்குப் போகும்போது வெறும் 20 மீட்டர்! (அங்கே நிற்கும் சவுக்கு மரங்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.) 80 மீட்டரிலிருந்து ஒரு படத்தில் 80 மீட்டர் நீளமான தரை விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், 20 மீட்டருக்கு ஒரு படம் எடுத்தால் ஓவர்லாப் 75 சதவீதம். அதே கேமரா 20 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால் ஒரு படத்தில் விழுவது 20 மீட்டர்தான். அப்போதும் 20 மீட்டருக்கு ஒன்றுதான் எடுக்கிறது. ஒரு படம் முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்குகிறது, இரண்டிலும் சேர்ந்து விழுந்த இடம் எதுவுமே இல்லை, கம்ப்யூட்டர் எதை எதோடு பொருத்தும்?

இரண்டாம் தடவை, தரையின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றிப் பறக்கும் அமைப்பைப் போட்டு எடுத்தான். ஓட்டை போய்விட்டது. சமதரையில் ட்ரோன் பழகியவர்கள் நம்ம பக்கம் வந்தால் முதலில் சறுக்குவது இங்கேதான், அதனால் படம் எடுக்க ஆள் பிடிக்கும்போது "மலையைப் பின்பற்றிப் பறக்க விடுவீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தகரக் கணக்கு

அடுத்த குழப்பம் பரப்பளவு. காணி உறுதியில் ஒன்றரை ஏக்கர், 240 பேர்ச். ஓர்த்தோ படத்தில் அளந்தாலும் கிட்டத்தட்ட அதேதான் வந்தது. மாமாவுக்கு அதில் திருப்தி இல்லை. "ஏறி எறங்குறவனுக்குத்தான் தெரியும், இது ஒன்றரை ஏக்கர் மட்டுமில்ல," என்றார். அவர் சொன்னதும் சரி, படம் சொன்னதும் சரி.

20 அடிக்கு 20 அடி அறை ஒன்று கட்டுகிறீர்கள், தரை 400 சதுர அடி. கூரையை 30 பாகை சரிவாக வைத்துத் தகரம் வாங்கப் போனால் 400 சதுர அடித் தகரம் போதுமா? போதாது, ஏறக்குறைய 462 வேண்டும், ஓரம் நீட்டுவது தனி. கூரை சரிவாக இருப்பதால் அதன் முகம் தரையை விடப் பெரிது. நில அளவைப் படமும் ஓர்த்தோ படமும் அளப்பது அறையின் தரையை, அதாவது காணியை மேலே இருந்து நேராகக் கீழே அமுக்கிவிட்டால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதை. மாமா ஏறி இறங்குவது கூரையில்.

இது வெறும் வேடிக்கைக் கணக்கு இல்லை. தேயிலையை வரிசைக்கு 4 அடி, செடிக்கு 2 அடி என்று நட்டால், சமதரையில் ஒரு ஏக்கருக்கு 5,445 செடி வரும். 30 பாகைச் சரிவில், கயிற்றைத் தரையோடு பிடித்து அளந்து நட்டிருந்தால், உறுதியில் ஒரு ஏக்கர் என்று எழுதியிருக்கும் இடத்தில் 6,280 போல நிற்கும். எண்ணூறு செடிக்கு மேல் வித்தியாசம். ஏக்கருக்கு இவ்வளவு என்று உரம் போட்டால் ஒவ்வொரு செடிக்கும் கிடைப்பது குறைகிறது, அதனால் செங்குத்தான காணியில் செடிக் கணக்கை வைத்துப் போவதே நல்லது. செடியை எண்ணவும் ஓர்த்தோ படம் உதவும், குறிப்பாகச் செத்துப்போன செடிகளின் காலி இடத்தை எண்ண. ஏணியும் வேண்டாம், அட்டைக் கடியும் வேண்டாம், வீட்டில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே எண்ணலாம்.

எவ்வளவு சிறியதைப் பார்க்கலாம்

படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் கடைசியில் சின்னச் சின்னச் சதுரங்களாகத் தெரியும், அந்தச் சதுரம் ஒவ்வொன்றும் ஒரு பிக்சல். ஒரு பிக்சலுக்குள் என்ன இருந்தாலும் கலந்து ஒரே நிறமாகத்தான் தெரியும், கூட்டுச்சாறு மாதிரி.

சாதாரணமாக நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோனுக்கு ஒரு பிக்சல் தரையில் 3 சென்டிமீட்டர் போல வரும். இரண்டடி அகலத் தேயிலைச் செடி ஒன்றின் குறுக்கே 20 பிக்சல், தாராளமாகத் தனித்தனியாகத் தெரியும். செய்மதி என்றால் கதை வேறு. 2015இலிருந்து பறக்கும் சென்டினல்-2 செய்மதியின் படங்கள் யாருக்கும் இலவசம். அதன் நல்ல பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், நம்ம கணக்கில் ஒரு பிக்சலுக்கு 4 பேர்ச். மாமாவின் காணி முழுக்கவே 60 பிக்சல்தான். அதில் செடியைத் தேட முடியாது, ஆனால் "மேல் பாதி கீழ் பாதியை விடச் சோர்ந்திருக்கிறதா, போன மாதத்தை விட இந்த மாதம் எப்படி" என்று பார்க்க முடியும். பெரிய தோட்டத்துக்கு அது போதும். ஏழு பேர்ச், பத்து பேர்ச் துண்டில் கரட் போடுகிறவருக்கு அது உதவாது.

செய்மதி சில நாளுக்கொரு தரம் நம் தலைக்கு மேலே போகிறது, ஆனால் மேகத்தைத் துளைத்துப் பார்க்க அதனால் முடியாது. மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் தென்மேல் பருவக்காற்றில் மூடிக் கிடக்கும்போது பஞ்சு மூட்டையைத்தான் படம் எடுத்து அனுப்பும். அதே நேரம் பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் காற்றும் வெயிலுமாகக் காய்ந்து கிடக்கும், எங்களுக்கு நல்ல படம் கிடைப்பது அப்போதுதான். பெப்ரவரி, மார்ச்சில் இரண்டு பக்கமும் ஓரளவு பரவாயில்லை.

இனி அந்தச் சிவப்பு

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம். அந்தச் சிவப்பும் பச்சையும் கேமரா பார்த்த நிறங்களே இல்லை. கணக்குப் போட்டு, கணக்கின் விடைக்கு ஏற்பக் கம்ப்யூட்டர் பூசிய சாயம்.

டிவி ரிமோட்டை எடுத்து, முன்பக்கக் குமிழைப் போன் கேமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். பல போன்களில் ஊதா நிறத்தில் ஒரு மினுக்கம் தெரியும், வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அது அகச்சிவப்பு ஒளி, சிவப்புக்கு அப்பால் இருக்கும், நம் கண்ணுக்கு எட்டாத ஒளி. வெயிலிலும் அது நிறைய இருக்கிறது. நல்ல ஆரோக்கியமான இலை, சாப்பாடு சமைக்கச் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, அந்த வேலையைச் செய்வது பச்சையம். அகச்சிவப்பு அதற்குத் தேவையில்லை, இலைக்குள்ளே இருக்கும் காற்றறைகளில் பட்டுச் சிதறித் திரும்பிப் போய்விடுகிறது. இலை சோர்ந்தால் இரண்டும் மாறுகிறது: சிவப்பு உறிஞ்சப்படாமல் அதிகம் திரும்பி வரும், அகச்சிவப்பு குறைந்து வரும்.

இந்த இரண்டையும் ஒப்பிட்டு ஒரே எண்ணாக்குவதற்குத்தான் என்டிவிஐ என்று பெயர். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டையும் கூட்டிய தொகையால் வகுக்க வேண்டும். நல்ல செடியிலிருந்து அகச்சிவப்பு 45, சிவப்பு 5 வருகிறது என்று வைப்போம். கழித்தால் 40, கூட்டினால் 50, விடை 0.8. சோர்ந்த செடியில் 30, 10 என்றால் விடை 0.5. வெறும் மண்ணில் 25, 18 என்றால் 0.16 போல. ஏன் வகுக்க வேண்டும், கழித்தாலே போதாதா என்று கேட்டால், மேகம் மறைத்து வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல செடியின் 45 இப்போது 22.5, 5 இப்போது 2.5. வெறுமனே கழித்தால் 40 என்பது 20 ஆகி, செடி செத்துக்கொண்டிருக்கிறது என்று பயந்துவிடுவோம். வகுத்தால் அதே 0.8தான். செடி மாறவில்லை, எண்ணும் மாறவில்லை. நல்ல இருட்டு நிழலில் மட்டும் இந்த வித்தை சரியாக வராது.

இனிமேல்தான் ஏமாறுகிற இடங்கள்.

முதலாவது, சாதாரண ட்ரோன் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி இருக்கும். படத்தின் நிறம் கெடாமல் இருக்கத்தான் அதை வைக்கிறார்கள். அந்தக் கேமராவில் நிஜ என்டிவிஐ எடுக்க முடியாது. பச்சை, சிவப்பு, நீலம் மூன்றை வைத்தே ஒப்பேற்றும் வேறு கணக்குகள் உண்டு, அவை முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதை என்டிவிஐ என்று சொல்லிக் காசு வாங்கினால் அது பொய். எங்களுக்கும் முதலில் வந்தது அப்படிப்பட்ட படம்தான், கேள்வி கேட்ட பிறகு பையனே வேறு கேமரா வாடகைக்கு எடுத்து வந்தான்.

இரண்டாவது, எந்த எண்ணுக்கு எந்தச் சாயம் என்பது கல்வெட்டில் எழுதிய விதி இல்லை. பல மென்பொருள்கள் அந்தக் காணியில் கிடைத்த மிகக் குறைந்த எண்ணுக்குச் சிவப்பும் மிகக் கூடிய எண்ணுக்குப் பச்சையும் பூசிவிடும். ஒரு வகுப்பில் எல்லோரும் 85க்குக் குறையாமல் எடுத்திருக்கிறார்கள், கடைசியாக வந்த பிள்ளைக்கு 85, வாத்தியார் அந்தப் பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையில் எழுதினால் அது ஃபெயில் ஆகிவிட்டது என்று அர்த்தமா? காணி முழுக்க ஜம்மென்று இருந்தாலும் எங்கேயாவது சிவப்பு வந்தே தீரும். அதனால் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் ஓரத்தில் இருக்கும் எண் பட்டையைப் பாருங்கள். போன மாதப் படத்தையும் இந்த மாதப் படத்தையும் பக்கத்தில் வைக்கும்போது இரண்டுக்கும் ஒரே எண் பட்டையா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, கணக்குக்குப் பயிர் தெரியாது. பச்சை இலை எதுவானாலும் அதற்குப் பச்சைதான். புல் மண்டிக் கிடக்கும் இடம் தேயிலையை விட நன்றாகவே பச்சை காட்டும்.

சுருக்கமாக: என்டிவிஐ என்பது இலையில் பட்டுத் திரும்பும் இரண்டு ஒளிகளின் ஒப்பீடு. அது குறைந்திருந்தால் அந்த இடத்தில் பசுமை குறைவு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஏன் குறைவு என்று அதற்குத் தெரியாது.

படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறினோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவும் நானும் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு சிவப்பு இருந்த மூன்று இடங்களுக்கும் போனோம்.

மேலே இருந்த பெரிய சிவப்பு, ஊரே நோய் என்று பேசிய இடம். போய்ப் பார்த்தால் அது மாமாவே ஆள் வைத்துக் கவ்வாத்து வெட்டிய துண்டு. இலையையெல்லாம் வெட்டிப்போட்டுக் குச்சி குச்சியாக நிற்கும் செடியிலிருந்து என்ன பசுமை திரும்பி வரும்? மாமா என்னைப் பார்த்தார், நான் மாமாவைப் பார்த்தேன், சிரித்துவிட்டோம். அங்கே மருந்தடித்திருந்தால் மண்ணுக்கும் குச்சிக்கும் அடித்திருப்போம். தேயிலைக்காரர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: எந்தத் துண்டு எப்போது கவ்வாத்து வெட்டியது என்ற தேதி பக்கத்தில் இல்லாமல் இந்தப் படத்தை வாசிக்கவே கூடாது.

இரண்டாவது இடத்தில் கீழே பாறை. மண்வெட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாலே டங்கென்று சத்தம் வரும், மண் அரையடிகூட இல்லை. அது மாமாவுக்கு முன்பே தெரியும், ஆனால் அந்த மெல்லிய மண் எதுவரை போகிறது என்பது தெரியாது. படத்தில் அதன் ஓரம் சுத்தமாகத் தெரிந்தது. வருஷக்கணக்காக அந்த இடத்துக்கும் மற்ற இடம் மாதிரியே உரம் வீசியிருக்கிறார்.

மூன்றாவதுதான் எங்களை யோசிக்க வைத்தது. மரக்கறித் துண்டுக்கு மேலே, தேயிலையின் கீழ் ஓரத்தில், குறுக்கே ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு செடி மஞ்சளடித்து நின்றது. மாமா குந்தி, செடிக்கடியில் கையை விட்டு ஒரு பிடி மண் எடுத்துப் பிழிந்தார், விரலிடுக்கில் தண்ணீர் வடிந்தது. மழை பெய்து பத்து நாளாகியும் அந்த மண் காயவில்லை. மேலே தேடிப் போனால் கான் அடைத்துக் கிடந்தது, உரப்பை ஒன்றும் காய்ந்த கிளைகளும் சேர்ந்து அணை கட்டியிருந்தன. கானில் போக வேண்டிய தண்ணீர் அத்தனையும் அந்த வரிசையின் வேரில் இறங்கியிருக்கிறது.

இதே மஞ்சள் வேறொரு காணியில் வேரைத் தின்னும் வட்டப்புழுவாக இருந்திருக்கலாம், உரம் போடும்போது ஆள் தவறவிட்ட வரிசையாக இருந்திருக்கலாம். படத்தில் எல்லாம் ஒரே சிவப்பு. காரணம் தெரியாவிட்டால் மண்ணையும் வேரையும் எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடமோ தேயிலை உத்தியோகத்தரிடமோ போக வேண்டியதுதான். படம் செய்த உதவி என்னவென்றால், ஒன்றரை ஏக்கரில் எந்தப் பன்னிரண்டு செடிக்கடியில் கையை விட வேண்டும் என்று காட்டியது.

வேலிக்கும் வெடிப்புக்கும் இது போதாது

போன் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தவறும், மலையிடுக்கிலும் மரத்தடியிலும் இன்னும் மோசம். சாதாரண ட்ரோனில் இருப்பதும் அதே மாதிரி ஜிபிஎஸ்தான். அதனால் வரைபடத்துக்குள்ளே நீள அகலம் ஓரளவு சரியாக இருந்தாலும், மொத்தப் படமும் இரண்டு மூன்று மீட்டர் ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். இதைச் சரிசெய்ய, தரையில் வெள்ளை அடையாளம் போட்டு அதன் இடத்தை நல்ல கருவியால் அளந்து கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள், அதற்குத் தரைக்குறி என்று சொல்லலாம். எல்லைச் சண்டைக்கு அதுவும் போதாது, உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் வர வேண்டும். வேலிக் கல்லுக்காகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கூகுள் எர்த்தை நீட்டாதீர்கள், அதுவும் சில மீட்டர் தள்ளி இருக்கக்கூடியதுதான்.

மண்சரிவு விஷயத்தில் இன்னும் கவனம். சரிவில் புதிதாகத் தெரியும் வெடிப்பு, சாயத் தொடங்கிய மரவரிசை, புதிதாக ஊற்றெடுத்த ஈரம் எல்லாம் ஓர்த்தோ படத்தில் சில நேரம் தெரியும். தெரிந்தால் நல்லது, ஆனால் "படத்துல ஒண்ணும் தெரியல, பயமில்ல" என்று ஒருநாளும் சொல்லக் கூடாது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணோடு போனதைப் பார்த்த மாவட்டம் இது. வெடிப்பு கண்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ கிராம சேவகருக்கோ சொல்லிவிட்டு, மழை நாளில் அந்த இடத்தை விட்டு விலகுவதுதான் வேலை.

முதலில் என்ன செய்யலாம்

ட்ரோன் வாங்க ஓட வேண்டாம். கூகுள் எர்த்தில் உங்கள் காணியைத் தேடி, அதிலுள்ள அளவுகோலால் ஓரம் சுற்றிக் கோடு போட்டுப் பாருங்கள், பரப்பு வரும். ஒரு பேர்ச் ஏறக்குறைய 25.3 சதுர மீட்டர், அதை வைத்து உறுதியோடு ஒப்பிடலாம். அந்தப் படம் எப்போது எடுத்தது என்று தேதியைப் பார்க்க மறக்காதீர்கள், இரண்டு வருஷத்துக்கு முந்திய கோவாவைப் பார்த்து இன்றைக்கு உரம் போட முடியாது. அடுத்து சென்டினல் படங்களை இலவசமாகப் பார்த்துப் பழகலாம். அதற்குப் பிறகும் செடி செடியாகப் பார்க்க வேண்டிய தேவை இருந்தால் மட்டும், நாலைந்து காணிக்காரர்கள் சேர்ந்து ஒருநாளுக்கு ட்ரோன் ஆளைக் கூப்பிடலாம், ஏனென்றால் அவர் வந்துபோகும் செலவே பெரிது. ட்ரோனுக்கு சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் பதிவும் அனுமதியும் இருக்கிறதா என்று கேளுங்கள். பக்கத்து லயத்துக்காரர்களிடமும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், முற்றத்தில் குளிக்கிற பெண்களுக்கு மேலே கேமரா பறந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

மாமா இப்போது ஓர்த்தோ படத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக் கதவுக்குப் பின்னால், நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். கவ்வாத்துத் தேதி, உரம் போட்ட தேதி, கான் வெட்டிய இடம் எல்லாம் அதிலேயே பேனாவால் எழுதுகிறார். போன வாரம் போனபோது வத்தாளங்கிழங்குத் துண்டின் மூலையில் புதிதாக ஒரு வட்டம் போட்டிருந்தார். படத்தில் அந்த இடம் நல்ல கரும்பச்சை, ஒரு புள்ளி சிவப்புகூடக் கிடையாது. என்ன மாமா இது என்று கேட்டேன். "பன்றி வார வழி" என்றார்.